கால்வேயிலிருந்து எங்கே? அயர்லாந்தில் கடைசி மூன்று இரவுகள்

புதன்கிழமை இரவு ஒன்பதரை மணி. கால்வேயில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சமையலறை சன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மே மாதக் கடைசியில் அங்கே பொழுது சாயவே பத்து மணியை ஒட்டிவிடும். அடுப்பில் ரசம், மேசையில் விரித்த வரைபடம், சுற்றி ஐந்து பேர், ஐந்து கருத்து. ஞாயிறு மதியம் டப்ளினிலிருந்து விமானம். நடுவில் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று இரவுகள். பயணத்தில் அந்த மூன்றுக்கு மட்டும் எங்கேயும் அறை போட்டு வைக்கவில்லை. "அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டது என் யோசனைதான். அதனால் கேள்வியும் என்னிடம்தான் வந்தது: நாளைக்கு எந்த ஊர்?

யார் யார் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதி முடிவு அதிலேயே இருக்கிறது. நான், என் கணவர், பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், அப்புறம் என் மாமியார். அத்தைக்கு 68 வயது. சுத்த சைவம். இரண்டு முழங்காலிலும் வலி. அதுவரை பத்து நாளில் டப்ளின், அத்லோன், என்னிஸ், கால்வே என்று நான்கு ஊர்களில் பெட்டி பிரித்துக் கட்டியிருந்தோம். மோகர் பாறைகளின் மேல் 214 மீட்டர் உயரத்தில் நின்று ஒரு குடையைக் காற்றுக்குக் கொடுத்திருந்தோம். கானமாராவில் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கப் போய், கல்சுவரில் உரசி வாடகைக் காரின் இடப்பக்கக் கண்ணாடி போயிருந்தது. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதால் சுலபமாக இருக்கும் என்று நம்பிப் போனோம். பக்கம் ஒன்றுதான். சாலையின் அகலம் வேறு.

மகனுக்குக் கோட்டை வேண்டும்: கில்கென்னி. கணவருக்கு மலை வேண்டும்: வெஸ்ட்போர்ட். மகளுக்கு டைட்டானிக் கடைசியாக நின்ற துறைமுகம் வேண்டும்: கோவ். இந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் சி, ஓ, பி, எச் என்று எழுதிவிட்டுக் கோவ் என்று படிக்கிறார்கள். ஐரிஷ் மொழியில் பியும் எச்சும் சேர்ந்தால் 'வ்'. கணவர் வரைபடத்தில் விரலை வைத்து "அப்போ கோவா?" என்று கேட்க, ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்து, "இத்தன தூரம் வந்து கோவாவுக்கா போறது?" என்றார். அத்தையின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: "எந்த ஊரா இருந்தாலுஞ் சரி சாமி, இனி ஒருக்காதான் பெட்டியப் பிரிப்பேன்." எனக்கு ஒரு சலவை இயந்திரம் இருந்தால் போதும்.

முதலில் எதை விட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். வடக்கே பெல்ஃபாஸ்ட், ஜயண்ட்ஸ் காஸ்வே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். எல்லையில் தடுப்போ சோதனையோ எதுவும் கிடையாது. சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், அவ்வளவுதான். ஆனால் சட்டப்படி அது பிரிட்டன். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அயர்லாந்து விசா தனி, பிரிட்டன் விசா தனி. இரண்டுக்கும் செல்லுபடியாகும் பி.ஐ.வி.எஸ். என்ற குறிப்பு விசாவில் இருந்தால் போகலாம். எங்களுடையதில் அது இல்லை. யாரும் கேட்கப் போவதில்லை என்று துணிந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். மாமியாரை அழைத்துக்கொண்டு அந்தச் சோதனையில் நான் இறங்க மாட்டேன். தென்மேற்கே கில்லார்னி, டிங்கிள் பக்கம் அழகுதான். அங்கே ரிங் ஆஃப் கெர்ரி என்ற 179 கி.மீ. சுற்றை முடிக்க முழு நாளும் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மீதமிருந்த ஒரு கண்ணாடியை நினைத்து அதையும் விட்டோம்.

வெஸ்ட்போர்ட் கால்வேயிலிருந்து வடக்கே 80 கி.மீ., ஒன்றரை மணி நேரம். பக்கம்தானே என்று தோன்றும். ஏமாந்துவிட வேண்டாம். அங்கே போய்ச் சேர்ந்தபின் விமானம் ஏற வேண்டிய டப்ளின் ரயிலில் மூன்றேகால் மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும். ரயிலும் நாளுக்கு நாலைந்துதான்.

ஊர் என்னவோ பார்த்தவுடன் பிடித்துப் போகும் ஊர்தான். 18ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டுக் கட்டியது. கேரோபெக் என்ற சின்ன ஆற்றை நடுத்தெருவில் கால்வாய் போலக் கரை கட்டி, இரண்டு பக்கமும் மரம் வைத்திருக்கிறார்கள். மேற்கே கிளூ வளைகுடா. அதில் நாளுக்கு ஒன்றாக 365 தீவுகள் என்பது ஊர்ப்பேச்சு. அந்தக் கடலை ஆண்டவள் கிரேஸ் ஓமாலி, கப்பல்களும் ஆட்களும் வைத்திருந்த தலைவி. 1593இல் நேராக லண்டனுக்கே போய் எலிசபெத் ராணியைச் சந்தித்தவள். இதைக் கேட்டதும் மகள் கொஞ்சம் அசைந்தாள்.

கணவர் அசைந்தது குரோக் பேட்ரிக் மலைக்கு. 764 மீட்டர், உள்ளூர்க்காரர்கள் ரீக் என்கிறார்கள். ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. வருடாவருடம் வெள்ளியங்கிரி ஏறும் மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். மேலே போகப் போக உருளும் சரளைக்கல் என்பதையும், போகவர நாலு மணி நேரம் ஆகும் என்பதையும் அவர் ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

மலை வேண்டாம் என்றால் சைக்கிள். கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே என்று வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் வரை 42 கி.மீ. பாதை, 1937இல் மூடிய ரயில் தடத்தின் மேல் போட்டது. ரயில் போன வழி என்பதால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, பிள்ளைகளுக்கு ஏற்றது. ஒருவழி ஓட்டிவிட்டு வண்டியில் திரும்பவும் ஏற்பாடு உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் திடமான கால்களும் உள்ள குடும்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெஸ்ட்போர்ட் போகலாம். போகிற வழியையும் அவசரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கானமாராவில் பாலினஹின்ச் கோட்டை இருக்கிறது. ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் கொடுத்த ரஞ்சித்சிங்ஜி 1920களில் வாங்கி, கோடையில் வந்து மீன்பிடித்துக்கொண்டிருந்த இடம். தெற்கே லாக் மாஸ்க் ஏரிக்கரையில் 1880இல் குத்தகைதாரர்கள் ஒன்றுகூடி ஒரு பண்ணை மேலாளருக்கு வேலை செய்ய மறுத்தார்கள், கடையில் சாமான் தர மறுத்தார்கள். அவர் பெயர் கேப்டன் பாய்காட். நம் செய்தித்தாள்களில் வாரம் ஒருமுறை வரும் அந்தச் சொல் மேயோ மாவட்டத்து வயல்வெளியிலிருந்து கிளம்பியது.

ஆனால் மழை பெய்தால்? அங்கே பெய்யும். வெஸ்ட்போர்ட்டின் நல்லதெல்லாம் வெளியில்தான். மழை நாளில் முழங்கால் வலிக்காரருக்கு அறைச் சன்னலும் தேநீரும்தான் கதி. மூன்று பேருக்குத் திருவிழா, இரண்டு பேருக்குக் காத்திருப்பு. அதிலும் அந்த இரண்டாவது ஆள் நான்தான்; அத்தையோடு யாராவது இருக்க வேண்டுமே.

கில்கென்னிக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜெயித்திருக்க வேண்டும். கால்வேயிலிருந்து இரண்டரை மணி நேரம், அங்கிருந்து டப்ளின் விமான நிலையம் காரில் இரண்டு மணி நேரத்துக்குள். ரயிலென்றால் டப்ளினின் ஹியூஸ்டன் நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஊர் சின்னது. ஒரு முனையில் கோட்டை, மறுமுனையில் புனித கேனிஸ் பேராலயம், நடுவில் பழைய தெரு. எல்லாமே நடக்கிற தூரம், பெரிய மேடு பள்ளம் இல்லை. கோட்டையை 1391இல் வாங்கிய பட்லர் குடும்பம், கூரையும் சுவரும் பராமரிக்க முடியாமல் 1967இல் வெறும் 50 பவுண்டுக்கு ஊருக்கே கொடுத்துவிட்டது. உள்ளே போகத்தான் சீட்டு. பின்னால் இருக்கும் பரந்த பூங்காவும் பிள்ளைகள் விளையாடும் இடமும் இலவசம். மழை வந்தால் கோட்டைக்குள் ஓடலாம், வெயில் வந்தால் புல்லில் படுக்கலாம். கோடையில் அயர்லாந்தில் இவை இரண்டும் ஒரே மணி நேரத்தில் நடக்கும்.

கதைக்கும் பஞ்சமில்லை. 1324இல் ஆலிஸ் கைட்லர் என்ற பணக்காரப் பெண்மணி நான்கு கணவர்களைக் கட்டி, கடைசியில் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டார். அவர் தப்பிப் போய்விட்டார். அவரிடம் வேலை பார்த்த பெட்ரோனில்லாவைத்தான் பிடித்து எரித்தார்கள். எசமானி தப்ப, வேலைக்காரி மாட்டும் இந்தக் கதைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பேராலயத்தை ஒட்டி முப்பது மீட்டர் உயர வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உள்ளே ஏணிகளில் ஏறி உச்சிக்குப் போகலாம், ஆனால் சிறு பிள்ளைகளை விடமாட்டார்கள். அதைச் சொன்னதும் மகன் முகம் சுருங்கியது. ஹாக்கி போன்ற ஐரிஷ் ஆட்டமான ஹர்லிங்கின் மட்டையைக் கையில் பிடித்துப் போகும் பையன்களைத் தெருவெங்கும் பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னேன். அந்த ஆட்டத்தின் அகில அயர்லாந்துப் பட்டத்தை அதிக முறை வென்ற மாவட்டம் கில்கென்னி.

பிறகு ஏன் ஜெயிக்கவில்லை? நாட்காட்டி. அயர்லாந்தில் ஜூன் முதல் திங்கள் பொது விடுமுறை. அதையொட்டிய வார இறுதியில் கில்கென்னியில் கேட் லாஃப்ஸ் என்ற நகைச்சுவை விழா 1995 முதல் நடக்கிறது. சாதாரண வார இறுதியிலேயே கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் என்று மாப்பிள்ளைக் கூட்டமும் பெண்கள் கூட்டமும் வந்து இரவு இரண்டு மணி வரை பாட்டும் கும்மாளமுமாக இருக்கும் ஊர் அது. நாங்கள் பார்த்தது சரியாக அந்த விடுமுறையை ஒட்டிய வெள்ளியும் சனியும். ஐந்து பேருக்கு இடமுள்ள ஒரே ஒரு வீடு கிடைத்தது, வியாழன் விலையைப் போல இரண்டரை மடங்கு, கீழே மதுக்கடை. உங்கள் விமானம் புதன்கிழமை என்றால் மறுபேச்சே வேண்டாம், கில்கென்னிதான். வெள்ளி சனி மாட்டிக்கொண்டால் மூன்று மாதம் முன்னால் அறை போட்டிருக்க வேண்டும்.

பேசாமல் டப்ளினுக்கே திரும்பி மூன்று இரவும் அங்கேயே இருந்துவிடலாம் என்பது கடைசி நேர யோசனை. ஹோத் மீன்பிடித் துறையில் சீல்களைப் பார்த்துவிட்டுக் குன்றோரம் நடக்கலாம். 5,000 ஆண்டுப் பழமையான நியூகிரேஞ்சு கல்லறைக்கு ஒரு நாள் போகலாம். ஆனால் நியூகிரேஞ்சின் உள்ளே போவதற்கான சீட்டு கோடையில் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். பயணத்தைத் தொடங்கிய ஊரிலேயே முடிப்பதில் பிள்ளைகளுக்கும் உற்சாகம் இல்லை. ஒரு இரவுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம், பிறகு வருகிறேன்.

மிஞ்சியது கோவ். தூரத்தை மட்டும் பார்த்தால் இதுதான் மோசமான தேர்வு. கால்வேயிலிருந்து கார்க் மூன்று மணி நேரம், அப்புறம் இன்னும் கொஞ்சம். அங்கிருந்து டப்ளின் விமான நிலையம் 270 கி.மீ.யை ஒட்டி வரும். மேசையில் இதை நான் எடுத்ததும் கணவர் "எதுக்கு இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

பதில் காரில் இருந்தது. இந்த நான்கு யோசனைகளில் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாழக்கூடிய இடம், டப்ளினை விட்டால், இது ஒன்றுதான். கார்க் நகரின் கென்ட் நிலையத்திலிருந்து கோவுக்கு உள்ளூர் ரயில், 25 நிமிடம். அதே தடத்தில் நடுவில் ஃபோட்டா என்று ஒரு நிலையம். இறங்கினால் வாசலிலேயே வனவிலங்குப் பூங்கா. 1983இல் தொடங்கியது. ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் கம்பிக்குள் அடைபடாமல் புல்வெளியில் திரியும். கோட்டை கேட்ட மகனுக்கு அது போதும். கோவ் நிலையத்தில் இறங்கினால் கடல். டைட்டானிக் கண்காட்சி ஐந்து நிமிட நடை. ஊருக்குள் கார் ஓட்ட வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம். டப்ளின் எம்50 சாலையின் சுங்கத்தையும் மறந்துவிடலாம். அங்கே தடுப்பு கிடையாது. மறுநாள் இரவு எட்டு மணிக்குள் நாமே இணையத்தில் கட்ட வேண்டும். முதல் நாள் நாங்கள் கட்ட மறந்து அபராதத்தோடு கட்டினோம், அதற்கு மேல் வாடகைக் கார்க்காரர் 'நிர்வாகக் கட்டணம்' என்று ஒன்றைப் போட்டார். திரும்பவும் அந்தச் சாலை வேண்டாம் என்பதே எனக்கு ஒரு காரணம்தான்.

காரை வெள்ளி வரைக்கும்தான் பேசியிருந்தோம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம் என்று. இது தற்செயலாக வாய்த்தது. முழுவதற்கும் முன்பணம் கட்டியிருந்தால் முன்னதாகக் கொடுத்தாலும் காசு திரும்ப வராது. அப்படியானால் இந்தக் கணக்கே மாறிவிடும். டப்ளினுக்குப் பதில் கார்க் விமான நிலையத்தில் விடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். இரண்டு நாள் வாடகை, பெட்ரோல், நிறுத்தக் கட்டணம் எல்லாம் கழித்துப் பார்த்தால் ஐந்து பேருக்கு ரயில் சீட்டு வாங்கியும் கையில் கொஞ்சம் மிஞ்சியது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆனால் கணவரின் தோள் இறுக்கம் வெள்ளியோடு முடியும் என்பதற்கு நான் இன்னும் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.

கோவுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. கடற்கரைத் தெரு மட்டும்தான் சமதளம், மற்றதெல்லாம் ஏணி. 1868இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கட்டிய புனித கோல்மன் பேராலயம் உச்சியில் நிற்கிறது. 49 மணிகள் கொண்ட அதன் மணிக்கூண்டைப் படத்தில் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். ஏறிப் பார்த்தால்தான் தெரியும். சீட்டுக்கட்டு வீடுகள் என்று படங்களில் வரும் வண்ண வீடுகள் அந்தச் சரிவில்தான் வரிசையாக நிற்கின்றன; அடியில் உள்ளது விழுந்தால் மற்றதெல்லாம் சரிந்துவிடும் என்பது ஊர்க் கேலி. அறை தேடும்போது 'மேலிருந்து கடல் காட்சி' என்று போட்டிருந்தால், முழங்கால் வலிக்காரர் கூட இருக்கிறார் என்றால், அதைத் தாண்டிப் போங்கள். நாங்கள் கடற்கரைத் தெருவிலேயே தரைத்தளம் கேட்டு எடுத்தோம். இன்னொன்று: பெரிய உல்லாசக் கப்பல்கள் ஊர் வாசலிலேயே வந்து நிற்கும். கப்பல் வரும் நாளில் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் ஒரே தெருவில் இறங்குவார்கள். துறைமுகத்தின் அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவிடலாம். நாங்கள் பார்த்தோம், வெள்ளிக்கிழமை கப்பல் இல்லை.

வியாழன் மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளி காலையில் கணவர் மட்டும் காரை விட்டுவிட்டு வரக் கிளம்பினார். நாங்கள் நால்வரும் டைட்டானிக்கின் கப்பல் நிறுவனமான ஒயிட் ஸ்டார் லைனின் பழைய அலுவலகத்துக்குள் போனோம். 1912 ஏப்ரல் 11ஆம் தேதி டைட்டானிக்கில் ஏற 123 பேர் கூடிய கட்டடம் அது. அப்போது ஊரின் பெயர் குயீன்ஸ்டவுன். 1849இல் விக்டோரியா ராணி வந்து போனதற்காக வைத்தது, நாடு விடுதலை பெற்ற காலத்தில் மாற்றிவிட்டார்கள். கப்பல் துறைக்குள் வரவில்லை, வெளியே நங்கூரமிட்டு நிற்க, சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றினார்கள். உள்ளே நுழையும்போது ஒவ்வொருவருக்கும் அந்த 123 பேரில் ஒருவரின் பெயர் போட்ட சீட்டைக் கொடுக்கிறார்கள். அவர் பிழைத்தாரா இல்லையா என்பது கடைசி அறையில்தான் தெரியும். மகளின் ஆள் பிழைக்கவில்லை. கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் வந்தாள். சன்னலுக்கு வெளியே அந்தப் பழைய படகுத்துறையின் மரத்தூண்கள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன.

ரயில் நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் இன்னொரு கணக்கு எழுதியிருக்கிறது: 1848 முதல் 1950 வரை நாட்டை விட்டுப் போன 60 லட்சம் பேரில் 25 லட்சம் பேர் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் ஏறினார்கள். வெளியே ஆனி மூர் சிலை. 1892 சனவரி முதல் தேதி நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேறுவோரைப் பதிவு செய்யும் நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவள். இரண்டு தம்பிகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனவள். அத்தை அந்தச் சிலைப் பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு புள்ளைய எப்படி அனுப்புனாங்களோ" என்றார். கடற்கரைப் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெஸ்ட்போர்ட்டிலும் உட்கார்ந்துதான் இருந்திருப்பார். ஆனால் இங்கே உட்கார்ந்த இடத்துக்கே ஊர் வந்தது: படகு போனது, ரயில் வந்தது, நாய்கள் வந்தன, நாயின் சொந்தக்காரர்கள் வந்து பேசினார்கள்.

அங்கேதான் அத்தைக்கு ஏர் இந்தியா ஞாபகம் வந்தது. 1985 ஜூன் 23இல் கனடாவிலிருந்து வந்த கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து விழுந்தது இந்தக் கார்க் கடற்கரைக்கு அப்பால்தான். 329 பேர். மீட்ட உடல்களைக் கார்க் நகர மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மேற்கே அஹகிஸ்டா என்ற கடலோரக் கிராமத்தில் நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் அந்த நாளில் கூடுகிறார்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். கார் இல்லாததை நான் வருத்தத்தோடு நினைத்தது அந்த ஒரு தடவைதான். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் காரை ஒரு நாள் கூட வைத்திருந்து அங்கே போய்வருவதை யோசிக்கலாம்.

மதியம் கணவர் எங்களைக் கார்க் நகரில் பிடித்துக்கொண்டார். இங்கிலிஷ் மார்க்கெட் 1788 முதல் நடக்கும் கூரையிட்ட சந்தை. மீனும் இறைச்சியும் முன்னால் இருப்பதால் அத்தை முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வேகமாகத் தாண்டினார். பின்பக்கம் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ், பழம். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப் என்று பலகையில் போட்டிருந்தாலும் கோழிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள். சோடா ரொட்டியும் வெண்ணெயும் எங்கேயும் கிடைக்கும், அந்த வெண்ணெய்க்காகவே சாப்பிடலாம். கார்க் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தை. உப்பிட்டு மரப்பீப்பாயில் அடைத்து வெப்ப நாடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஷாண்டன் பக்கம் வெண்ணெய்க்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பயணம் முழுவதிலும் அத்தை முழுதாகப் படித்துப் பார்த்த ஒரே அருங்காட்சியகம் அது. பக்கத்துப் புனித ஆன் தேவாலயத்தில் மேலே ஏறிக் கயிற்றை இழுத்து நாமே மணியடிக்கலாம். மகன் அடித்த பாட்டை ஊரே கேட்டது. கேட்டவர்களுக்கு நன்றி.

பல்கலைக்கழகத்துக்கு மகளைக் கூட்டிப் போனது அவள் பள்ளியில் கணினிப் பாடத்தில் பூலியன் படிப்பதால். பூலியனுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் பூல் இங்கே 1849 முதல் கணிதப் பேராசிரியர். அவர் மனைவி மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் தம்பி மகள்; 1802இல் சென்னை பரங்கிமலையில் தொடங்கிய அந்தப் பெரிய நில அளவையை, அதைத் தொடங்கிவைத்த லாம்டனுக்குப் பின் நடத்தியவர் எவரெஸ்ட். பூல் 1864இல் மழையில் நனைந்து நடந்து வந்து ஈரத்துணியோடே பாடம் நடத்தி, காய்ச்சல் கண்டு இறந்தார் என்பார்கள். அத்தை பேரனின் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே, "பாத்தியா கண்ணு?" என்றார்.

சனி காலை ஃபோட்டா. மதியம் கார்க்கிலிருந்து டப்ளின் ரயில், இரண்டரை மணி நேரம். விடுமுறை வார இறுதி என்பதால் இரண்டு நாள் முன்னாலேயே இருக்கை பதிவு செய்தோம். இருக்கைக்கு மேலே சின்னப் பலகையில் பதிவு செய்தவர் பெயர் ஓடும். தன் பெயர் அங்கே வருவதைக் கண்டு அத்தை படம் எடுக்கச் சொன்னார். இந்த ரயிலால் நாங்கள் இழந்தது கேஷல் பாறை. காரில் வந்திருந்தால் எம்8 சாலையிலேயே, குன்றின் மேல் அந்தப் பழைய தேவாலயங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். கார் ஓட்ட அலுக்காதவர்கள் அப்படியே செய்யுங்கள். ஒரு நல்ல பாதி நாள்.

கடைசி இரவு மாலஹைடில். டப்ளினுக்கு வடக்கே கடலோரச் சிற்றூர், விமான நிலையத்துக்கு டாக்சியில் கால் மணி நேரம். டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது என்பதால் இந்தக் கால் மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம். டால்பட் குடும்பம் ஏறக்குறைய 800 ஆண்டுகள் வாழ்ந்த கோட்டை ஒன்று அங்கே இருக்கிறது. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அதன் புல்வெளியில் மகன் ஓடினான், அவன் கேட்ட கோட்டை ஒருவழியாகக் கிடைத்தது. அத்தை மட்டும் என்னோடு பேசவில்லை. ஒரு தடவைதான் பெட்டி பிரிப்பேன் என்று சொன்னவரை இரண்டு தடவை பிரிக்க வைத்துவிட்டேன். "ஒரு ராத்திரிக்கான துணிய மேலயே வெச்சுத்தானே அத்தை கட்டினேன், பெட்டியத் திறக்கவே வேணாமே" என்றேன். "அந்தத் துணிய எடுக்கப் பெட்டியத் திறக்க வேணாமா அம்மணி?" என்றார்.

கணவர் இன்னும் வெஸ்ட்போர்ட்டை விடவில்லை. அடுத்த முறை அம்மாவை ஊரில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, டப்ளினில் இறங்கிய அன்றைக்கே மேற்கே போய்விட வேண்டும், கடைசியில் இல்லை முதலில், என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறார். அது சரிதான் என்று எனக்கும் படுகிறது: கால்கள் புதிதாக இருக்கும்போது மலை. அத்தைக்கு இந்தத் திட்டம் தெரியாது.